180 கிலோ உப்பு

(திருப்பூரில் சாய ஆலை உரிமையாளர்களும் மேலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சுற்றுச்சூழலுக்கு உகந்த புதுமைகளை ஊழியர்கள் வழியாக ஆலைக்குள் கொண்டுவருவது எப்படி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் ஒரு சின்னக் கணக்கில் தொடங்குகிறேன். கணக்குப் போடுவதற்கு இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

500 கிலோ துணி பிடிக்கிற ஒரு சாஃப்ட் புளோ மெஷின். நேவி புளூ போல ஒரு கடும் நிறம். துணிக்கும் தண்ணீருக்கும் விகிதம் ஒன்றுக்கு ஆறு. அப்படியானால் மெஷினுக்குள் 3,000 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று ரெசிபி சொன்னால் மொத்தம் 180 கிலோ. சாதா உப்போ, குளோபர் உப்போ, மூன்றரை மூட்டைக்கு மேல் வருகிறது. இந்த 180 கிலோவில் துணியோடு கப்பல் ஏறிப் போவது எவ்வளவு? ஏறக்குறைய ஒன்றுமில்லை. பருத்தி இழையும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் இரண்டுமே எதிர்மின் தன்மையோடு இருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலை அடக்கி, சாயத்தை இழையின் பக்கம் நகர்த்திவிடுவதுதான் உப்பின் வேலை. அது முடிந்ததும் வந்த உப்பு அப்படியே கழிவுநீரில் இறங்கிவிடுகிறது.

இது உங்களுக்குத் தெரியும். டையிங் மாஸ்டருக்குத் தெரியும். மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற ஆளுக்குத் தெரியுமா? ஆலை ஆலையாகப் போகும்போது இதைக் கேட்பது எனக்கு வழக்கம். "கலர் பிடிக்கப் போடுறோம் சார்" என்பார்கள். தப்பில்லாத பதில்தான். ஆனால் அவருக்கு அவ்வளவுதான் தெரியும் என்றால், ஷேடு கொஞ்சம் வெளுப்பாக வருகிற மாதிரி இருக்கும்போது அவர் கை எங்கே போகும்? உப்பு வாளிக்குத்தான். தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, "இன்றைக்கு 4,000 லிட்டர் போயிருச்சு, அதனால்தான் உப்பும் சாயமும் நீர்த்துப்போச்சு" என்று அவருக்குத் தோன்றாது. அப்படித் தோன்றுகிற அளவுக்கு அவரிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. அந்த மெஷினில் தண்ணீர் மீட்டரும் இருந்திருக்காது. கண்ணாடி வழியாகப் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பியிருப்பார்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் கூடினால் 60 கிலோ உப்பு கூடும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது.

உப்பைப் பற்றி இந்த ஊரில் பேசுவது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற நொய்யலுக்குக் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவின் தேக்கமாகிப் போனது. அணை நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணைத் தண்ணீர் கேட்டுப் போராடுகிற தமிழ்நாட்டில், தண்ணீர் வேண்டாம் என்று போராடினார்கள். வழக்குகள் நடந்தன. 2006-ல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை எல்லாம் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள் என்றது. அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்பதை இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம்.

அதன் பிறகு நீங்கள் செய்தது சாதாரணச் சாதனை இல்லை. ஒரு தொழில் நகரமே தன் சாயநீரைக் குழாயில் கொண்டுபோய், உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஆர்.ஓ.-வில் வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து, தண்ணீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துச் சாயத்துக்கே பயன்படுத்துகிறது. உப்பிலும் பெரும்பகுதி திரும்புகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றம் பாடம் நடத்தியது ஆலையின் பின்வாசலுக்கு. குழாய்க்கு அந்தப் பக்கம் கோடிகளைக் கொட்டினோம். முன்வாசலில், மெஷின் பக்கத்தில், உப்பு வாளி பழையபடியே போய்க்கொண்டிருக்கிறது. இங்கே அதிகமாகக் கொட்டுகிற ஒவ்வொரு கிலோவையும் அங்கே விறகெரித்துக் கொதிக்கவைத்துத்தான் பிரிக்கிறோம். பிரிக்க முடியாத கலப்பு உப்பு சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆறு தப்பித்தது, பாய்லர் புகை கூடியது. முன்வாசலில் குறைத்தால் இரண்டுமே குறையும். அதைக் குறைக்கக்கூடியவர் நீங்களோ நானோ இல்லை, ஷிப்டில் நிற்கிறவர்.

அவருக்கு நாம் என்ன பயிற்சி தருகிறோம்?

ஓர் ஆலையில் நடந்த பயிற்சி வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல ஆலைதான், பெயர் வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்தவர்களை அப்படியே கான்டீனுக்கு அழைத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். திரையில் பனிக்கரடி, உருகும் பனிமலை. பிறகு கார்பன் தடம் என்று ஒரு படம். பேசியவர் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கேட்டவர்களில் பாதிக்கு மேல் ஒடிசாவும் பீகாரும். முடிவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, டீ, குழுப் புகைப்படம். அந்தப் புகைப்படத்துக்காகத்தான் வகுப்பு என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

இதில் ஆலையை மட்டும் குறை சொல்ல முடியாது. வாங்குகிற பிராண்டின் ஆடிட்டர் கேட்பது பதிவேட்டைத்தான். பங்குச் சந்தையில் பட்டியலான முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து செபிக்குக் கட்டாயமாக ஒரு நிலைத்தன்மை அறிக்கை தருகின்றன. அதில் முதல் கொள்கையின் கீழேயே ஒரு அட்டவணை: இயக்குநர்கள், ஊழியர்கள், தொழிலாளர்கள் ஆகியோரில் எத்தனை சதவீதம் பேருக்குப் பயிற்சி தந்தீர்கள்? சதவீதத்தை நிரப்பிவிடலாம். பயிற்சிக்குப் பிறகு எந்த வால்வு மூடப்பட்டது, எந்த ரெசிபி மாறியது என்பதற்கு அங்கே தனிக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை யாரும் செய்வதில்லை.

இதே வேலையை வேறு மாதிரி செய்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் டௌ கெமிக்கல் கம்பெனிக்கு ஒரு பெரிய பிரிவு. ஏறத்தாழ 2,400 பேர் வேலை பார்த்தார்கள். 1981-ல் அங்கே கென் நெல்சன் என்ற பொறியாளர் ஒரு போட்டி தொடங்கினார். ஆலைத் தளத்தில் இருப்பவர்களே மின்சாரம், நீராவி, மூலப்பொருள் மிச்சப்படுத்தும் யோசனை தரலாம். முக்கிய நிபந்தனை: போடுகிற பணத்தில் ஆண்டுக்குப் பாதியாவது திரும்ப வர வேண்டும். வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் கடுமையான நிபந்தனை. முதல் ஆண்டு 27 திட்டங்கள் தேறின. சராசரியாக 173 சதவீதம் திரும்பி வந்தது. அதாவது போட்ட பணம் ஏழே மாதத்தில் கைக்கு வந்துவிட்டது.

ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று நெல்சனே நினைத்தாராம். கைக்கு எட்டுகிற பழத்தையெல்லாம் பறித்தாயிற்று, இனி என்ன இருக்கும்? அடுத்த ஆண்டு 32 திட்டங்கள் வந்தன. சராசரி 340 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகள் இது நடந்தது. 900-க்குப் பக்கம் திட்டங்கள் நிறைவேறின. அவற்றில் 575-ஐ முறையாகத் தணிக்கை செய்து பார்த்தார்கள். சராசரி 204 சதவீதம். 1993-ல் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 11 கோடி டாலர் மிச்சப்படுத்திக்கொண்டிருந்தன. கடைசி ஆண்டுகளில்கூடப் பலன் குறையவில்லை, கூடியது. காரணம் எளிது. பழம் தீர்கிற வேகத்தைவிட ஆட்கள் கற்றுக்கொள்கிற வேகம் அதிகமாக இருந்தது. ஒரு வால்வைச் சரிசெய்தவருக்கு அடுத்த வால்வு கண்ணில் படுகிறது. அவரோடு நின்றவருக்கும் படுகிறது.

இதில் பயிற்சி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பனிக்கரடி இல்லை. தன் மெஷின் எவ்வளவு தின்கிறது என்ற எண் அவர்கள் கையில் இருந்தது. யோசனையைக் கணக்காக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். சொன்னதை நிறைவேற்றப் பணம் ஒதுக்கப்பட்டது. நிறைவேறியதா, பலன் வந்ததா என்று யாரோ திரும்பிப் பார்த்தார்கள். இந்த நான்கில் எது இல்லாவிட்டாலும் மற்ற மூன்றும் வீண். நம் ஆலைகளில் கைசன் பலகையும் 5எஸ் சுவரொட்டியும் யோசனைப் பெட்டியும் இல்லாமல் இல்லை. பெட்டிக்குச் சாவி எங்கே என்று கேட்டால்தான் மேலாளர் யோசிக்க ஆரம்பிக்கிறார்.

இங்கே நம் சாய ஆலைக்கு வருவோம். என்னைக் கேட்டால் பாடத்திட்டம் கான்டீனில் இல்லை, மெஷின் ஓரத்தில் இருக்கிறது. துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிளீச் செய்கிறோம். மிச்சப் பெராக்சைடு துணியில் இருந்தால் அடுத்து போடுகிற சாயத்தைக் கெடுக்கும். அதனால் முன்பு சுடுநீரில் திரும்பத் திரும்ப அலசினார்கள். பிறகு கேட்டலேஸ் என்ற என்சைம் வந்தது. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். அலசல்கள் குறையும், பல இடங்களில் அதே தண்ணீரிலேயே சாயத்துக்குப் போய்விடலாம். அருமையான பசுமைப் புதுமை. பல ஆலைகளில் வாங்குகிறார்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்: என்சைமும் போடுவார்கள், அதன் பிறகு "எதுக்கும் ஒரு வாஷ்" என்று தண்ணீரையும் திறந்துவிடுவார்கள். என்சைம் செலவும் போச்சு, தண்ணீரும் போச்சு. ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. ஷேடு கெட்டால் பழி அவர் தலையில், தண்ணீர் வீணானால் யாரும் கேட்கப்போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒரு வாஷ் கூடத்தான் போடுவேன்.

அவருக்குப் பனிமலைப் படம் வேண்டாம். பெராக்சைடு இருக்கிறதா இல்லையா என்று காட்டுகிற சோதனைத் தாள் ஒன்று போதும். மெஷினிலிருந்து ஒரு குவளை தண்ணீர் எடுத்து, தாளை முக்கி, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற பழக்கம். மாறவில்லை என்றால் அடுத்த அலசலை விட்டுவிடலாம் என்ற அனுமதி. அப்படி விட்டபிறகு ஒருவேளை ஷேடு கெட்டாலும் அவர் மேல் பழி வராது என்ற உத்தரவாதம். தாளின் பயன்பாட்டைக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். கடைசியாகச் சொன்ன உத்தரவாதத்தை உங்கள் மேலாளருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வருடம் ஆகலாம்.

சாயம் முடிந்தபின் அலசுவதும் அப்படித்தான். மேலே தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே வழியவிட்டு, டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். வழியவிட்டு அலசுவதைவிட, முழுக்க வடித்துவிட்டுத் திரும்ப நிரப்பி அலசினால் அதே அளவு தண்ணீர் அதிகமாகக் கழுவும். இதைச் சொல்லி நம்ப வைக்க முடியாது. இரண்டு மெஷினில் இரண்டு விதமாக ஓட்டி, கடைசித் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிடித்து அவர்கள் முன் வையுங்கள். ஒரு முறை பார்த்தவருக்கு வகுப்பு தேவைப்படாது.

பராமரிப்புப் பிரிவுக்கு வேறு பாடம். 7 பார் அழுத்தத்தில் இருக்கிற காற்றுக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் மூன்றரை கிலோவாட் அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். 24 மணி நேரம் ஓடுகிற ஆலையில் நாளொன்றுக்கு 80 யூனிட்டுக்கு மேல். வீட்டில் இத்தனை யூனிட் ஓடினால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நின்றபின் சும்மா நடந்தாலே எங்கெங்கே சீறுகிறது என்று காதுக்கே கேட்கும். ஸ்டீம் டிராப் ஒழுகல், பாய்லருக்குத் திரும்பாமல் சாக்கடைக்குப் போகிற கண்டன்சேட் எல்லாம் இதே ரகம், நீங்கள் அறிந்தவை, நீட்டவில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் சொல்லாத பயிற்சி திருப்பூரில் பயிற்சியே இல்லை. ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடுகிறவருக்கு எதற்குச் சொல்லித்தருவது என்று கேட்பீர்கள். இதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: ஒரு ஷிப்டில் இரண்டு முறை 60 கிலோ உப்பைக் கூடுதலாகக் கொட்டக்கூடியவரை, ஒன்றும் சொல்லாமல் ஆறு மாதம் மெஷினில் நிறுத்துவது லாபமா? பழைய ஆபரேட்டர் புதியவரைத் தன் மொழியில் பழக்கினால் அதற்கென்று ஒரு தொகை கொடுங்கள். வெளியிலிருந்து வருகிற என்னைப் போன்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

மிச்சப்படுத்துகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டொயோட்டாவில் 1951-லிருந்து யோசனை முறை இருக்கிறது. தொழிலாளி சொன்னதற்குப் பதில் தருவது மேற்பார்வையாளரின் வேலையில் ஒரு பகுதியாகவே ஆனதால்தான் அது நிலைத்தது. பதிலில்லாத பெட்டியில் யாரும் இரண்டாவது சீட்டுப் போட மாட்டார்கள். ஒரு அலசலைக் குறைத்தால் ஓர் ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம் இருக்கிற இடத்தில் முதல் சீட்டுகூட விழாது.

இவ்வளவும் சொன்னபிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். தொழிலாளர்களைக் கொண்டு மாசு குறைப்பதில் உலகத்துக்கே பாடப்புத்தகமாக இருந்தது 3எம் கம்பெனி. 1975-ல், ஜோசப் லிங் என்ற பொறியாளரின் முயற்சியில், மாசைத் தடுப்பது லாபம் என்று பெயரிட்டு ஒரு திட்டம் தொடங்கினார்கள். கழிவு வந்தபின் சுத்தம் செய்யாதே, வராமலே செய். அதற்கு யோசனை சொல்லும் ஊழியரைப் பாராட்டு என்பதுதான் அடிப்படை. ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஊழியர்களிடமிருந்து வந்தன. நூறு கோடி டாலருக்கு மேல் மிச்சமானதாகக் கம்பெனி கணக்குச் சொன்னது. மேலாண்மைப் பள்ளிகளில் இதைப் பாடமாக வைத்தார்கள்.

அதே 3எம் அதே காலத்தில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ரசாயனங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. இயற்கையில் சிதையாதவை, குடிநீரிலும் மனித ரத்தத்திலும் போய்ச் சேர்ந்தவை. கம்பெனிக்குள் வேலை பார்த்த ரிச்சர்ட் பர்டி என்ற சூழலியல் நிபுணர் இவற்றின் ஆபத்தைச் சொல்லிப் பார்த்தார். 1999-ல் காரணங்களை எழுதிவைத்துவிட்டு ராஜினாமா செய்தார். கடிதத்தின் நகலை அரசின் சூழல் பாதுகாப்பு முகமைக்கும் அனுப்பினார். 2023-ல், அமெரிக்கக் குடிநீர் வாரியங்களின் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள 3எம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. ஊழியர் யோசனைகளால் பல பத்தாண்டுகளில் மிச்சமானதாகச் சொன்ன தொகையைப் போல் பல மடங்கு.

பயிற்சி பெற்ற ஊழியர் அங்கே இல்லாமல் இல்லை. வால்வைப் பற்றிச் சொன்னபோது கேட்டார்கள். பொருளைப் பற்றிச் சொன்னபோது கேட்கவில்லை. சிக்கனம் எல்லா முதலாளிக்கும் இனிக்கும். "இந்தச் சாயத்தையே நிறுத்திவிடலாம்", "இந்த ஆர்டரில் இந்த நிறம் வேண்டாம் என்று பையரிடம் சொல்லலாம்" என்று மாஸ்டர் சொல்லும்போது நாம் கேட்கிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் சொல்வதில் பாதி தப்பாக இருக்கலாம். உட்கார்ந்து கேட்கிற பயிற்சி உரிமையாளருக்கு வேண்டும். அதைத் தர எந்த நிறுவனமும் இங்கே வகுப்பு நடத்துவதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டுப் பயிற்சிச் செலவில் பாதியை எடுத்து ஒவ்வொரு மெஷினுக்கும் தண்ணீர் மீட்டரும், உப்பு போடுகிற இடத்தில் ஒரு தராசும் வாங்குங்கள். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிராம் என்று ஷிப்ட் முடிவில் ஆபரேட்டரே பலகையில் எழுதட்டும், அவர் மொழியில். மாஸ்டருக்கு மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கி, யாரிடமும் கேட்காமல் ஆட்கள் சொல்வதைச் செய்துபார்க்க விடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் நீங்களே அந்தப் பலகை முன்னால் நின்று, எண் ஏன் கூடியது என்று கோபப்படாமல் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு மெஷினில் செய்து பாருங்கள். மீட்டர் வகை, விலை பற்றிக் கேட்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பின் என்னிடம் வாருங்கள், பேசலாம்.